பெரியம்மாவோட பவுடர் டப்பாவும் சோழமண்டலக் கரையும்

போன மாசம் சிங்கப்பூர்ல இருந்து தங்கச்சி போன் பண்ணினா. கூடப் பிறந்தவ இல்லை, பெரியம்மா பொண்ணு. "அண்ணா, அம்மாவுக்கு ஒரு மேக்கப் ஸ்டாண்டு வாங்கணும். சுத்துற மாதிரி வருதே, அது. நாலஞ்சு லிங்க் அனுப்பியிருக்கேன். எது நல்லதுன்னு பார்த்து வாங்கி, ஊர்ல கொண்டுபோய் வச்சிடு"ன்னா.

பெரியம்மாவுக்கு வயசு 67. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். நாப்பது வருஷம் மீன் கூடை தூக்கினவங்க. அவங்களுக்கு மேக்கப் ஸ்டாண்டான்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சது தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அந்தத் தப்பைப் பத்தினதுதான் இந்தப் பதிவு. நமக்குத்தான் கடையில சோப்பு வாங்கப் போனாலும் வழியில வரலாற்றுக்குள்ள தடுக்கி விழுற வியாதி இருக்கே, அதனால கொஞ்சம் நீளம். பொறுத்துக்கங்க :-)

முதல்ல பெரியம்மா வீட்டு "டிரெஸ்ஸிங் டேபிள்" எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். சுவத்துல ஆணி அடிச்சு மாட்டின ஒரு கண்ணாடி. அதுக்குக் கீழ ஒரு பலகை. பலகையில ஒரு பவுடர் டப்பா, தேங்காய் எண்ணெய் பாட்டில், பல்லு ரெண்டு போன சீப்பு, பிரஷர் மாத்திரை, முட்டிக்குத் தேய்க்கிற தைலம். அவ்ளோதான். ஏலம் முடிஞ்சு, வித்து முடிச்சு வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவுவாங்க. அப்புறம் கண்ணாடி முன்னாடி வந்து கழுத்துல, கையில பவுடர் போடுவாங்க. மீன் வாசனையோட பஸ்ல ஏறினா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பவுடர் அழகுக்கு மட்டும் இல்லை.

ஆனா பொட்டு இல்லை, மை இல்லை, மஞ்சள் இல்லை. பெரியப்பா போய் 11 வருஷம் ஆச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். அலங்காரப் பொருளை வச்சுக்க ஒரு பெட்டிங்கிறது இன்னைக்கு நேத்து வந்ததா? இல்லவே இல்லை. தமிழ்நாட்டுல சங்ககால ஊர்களைத் தோண்டின இடங்கள்ல செம்பாலான அஞ்சனக் கோல்கள் கிடைச்சிருக்கு. கண்ணுக்கு மை தீட்டுற சின்னக் குச்சி. குச்சி இருந்தா மை இருந்திருக்கும், மை இருந்தா அதை வைக்க ஒரு சிமிழும் இருந்திருக்கும். பழந்தமிழ்ல இதுக்கு அழகான ஒரு சொல் உண்டு: செப்பு. மூடி போட்ட சின்னப் பெட்டி. வள்ளுவர் உட்பகை அதிகாரத்துல (குறள் 887) இந்தச் செப்பைத்தான் உவமையா எடுக்கிறார். வெளியில பார்த்தா செப்பும் மூடியும் மாதிரி ஒண்ணாத் தெரிஞ்சாலும், உள்ளுக்குள்ள பகை இருக்குற குடும்பம் ஒட்டாதுங்கிறது கருத்து. அந்தக் காலத்துலயே மூடி கச்சிதமாப் பொருந்துறதுதான் நல்ல செப்புக்கு அடையாளம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா உவமை எடுபடுமா? இந்த மூடி விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. கடைசியில வேலைக்கு ஆகும்.

இப்போ நம்ம பழவேற்காடு. சென்னைக்கு வடக்க, திருவள்ளூர் மாவட்டம். சில்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவுல ரெண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவுல, நம்ம பக்கம் இருக்கிறது தெற்கு ஓரம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல வடக்க நீளமாக் கிடக்கிறதுதான் ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா. இன்னைக்குப் பார்த்தா இறாலும் நண்டும் படகு சவாரியுமா இருக்கிற ஊர். 17ஆம் நூற்றாண்டுல இது டச்சுக்காரங்களோட சோழமண்டலக் கரைக்கே தலைநகரம். 1613ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690ல தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் எல்லாக் கணக்கும் இங்கதான். 1824ல போட்ட ஆங்கில - டச்சு ஒப்பந்தத்துக்கு அப்புறம், 1825ல ஊர் மொத்தமா வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. இப்போ மிச்சம் இருக்கிறது கோட்டை இருந்த புதரும், டச்சுக் கல்லறையும்தான். கல்லறை வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பான். சின்ன வயசுல சாயங்காலம் அந்தப் பக்கம் போகச் சொன்னா நான் தெருவே மாறி ஓடுவேன்.

இங்கிருந்து கப்பல் ஏறினதுல முக்கியமானது துணி. மலேசியா, இந்தோனேசியாவுல ஆம்பளைங்க கட்டுற கட்டம் போட்ட கைலிக்கு இன்னைக்கும் "காயின் பெலிக்காட்"னுதான் பேரு. பெலிக்காட்னா பழவேற்காடு. நம்ம ஊர்ப் பேரு அவன் இடுப்புல இருக்கு!

துணியில மட்டும் இல்லைங்க, மேக்கப் பெட்டியிலயும் இருக்கு. தேடும்போது நான் அசந்துபோன இடம் இதுதான்.

"கோரமண்டல்"ங்கிறது சோழமண்டலம்ங்கிறதோட திரிபுன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிற கரிமணல்ங்கிற கிராமத்துப் பேருதான் அப்படி ஆச்சுன்னு ஒரு கட்சியும் பழைய காலத்துல இருந்தது. அது நிக்கலை. எப்படியோ, இந்தக் கரையோட பேரு ஐரோப்பாவுல ரெண்டு பொருள் மேல ஏறி உக்காந்துடுச்சு.

ஒண்ணு, கோரமண்டல் லாக்கர். கறுப்பு மெருகுப் பூச்சுல செதுக்கி வண்ணம் தீட்டின பெரிய மடிப்புத் தட்டிகள். செஞ்சது சீனாவுல. ஆனா ஐரோப்பியக் கம்பெனிகள் 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில அதையெல்லாம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக் கொண்டுபோனதால பேரு இந்தக் கரைக்குப் போச்சு. அங்க போனதும் பணக்காரங்க அந்தத் தட்டிகளை அறுத்து அலமாரிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஒட்டிக்கிட்டாங்க. பின்னாடி இந்தத் தட்டிகள் மேல பைத்தியமா இருந்தவங்க கோகோ ஷனெல். அவங்க ஆரம்பிச்ச கம்பெனி 2007ல "கோரமண்டல்"னே ஒரு சென்ட் கொண்டு வந்தது. மீன் வாசனை போக பவுடர் போடுற எங்க பெரியம்மா இருக்கிற கரையோட பேருல பாரீஸ்ல ஒரு சென்ட்!

ரெண்டாவது, கோரமண்டல் மரம். கறுப்புல பழுப்புக் கோடு ஓடுற ஒரு வகைக் கருங்காலி, இலங்கையிலயும் தென்னிந்தியாவுலயும் விளைஞ்சது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல வசதியான வீட்டம்மாக்களோட "டிரெஸ்ஸிங் கேஸ்" இந்த மரத்துல செஞ்சதுன்னா அது ஒரு கெத்து. திறந்தா மூடியில கண்ணாடி, உள்ள வெள்ளி மூடி போட்ட கண்ணாடி ஜாடிங்க, ஒவ்வொண்ணுக்கும் அளவா ஒரு குழி, கீழ ஒரு பொத்தானை அழுத்தினாத் திறக்குற நகை அறை. வெளியில நல்ல பூட்டு. மூடி மேல அவங்க பேரோட முதல் எழுத்து. இன்னைக்கு நாம "ஆர்கனைசர்"னு சொல்றதோட தாத்தா இது. ஒரே சிக்கல் கனம். தூக்க ஒரு வேலையாள் வேணும். ரயிலும் காரும் வந்து, அவங்கவங்க பையை அவங்கவங்களே தூக்குற காலம் வந்ததும் இந்தப் பெட்டி ஒழிஞ்சுது.

இந்தப் பூட்டும் முதல் எழுத்தும் என்னை யோசிக்க வச்சது. பெட்டி அவளோடதுன்னா, உள்ள இருக்கிறது யாரோடது?

1870லயும் 1882லயும் சட்டம் மாறுற வரைக்கும் இங்கிலாந்துல கல்யாணம் ஆனவளோட பொருள் பெரும்பாலும் புருஷனோடது. ஆனா அவ உடுத்துற துணிமணி, நகை, அலங்காரப் பொருளுக்கு மட்டும் தனியா ஒரு சட்டச் சொல் இருந்தது, "பாராபெர்னாலியா"ன்னு. புருஷன் உயிரோட இருக்கும்போது அதையும் அவன் விக்கலாம். ஆனா அவன் செத்துட்டா அது அவளுக்கு. அதாவது அங்க விதவையானப்புறம்தான் பெட்டி முழுசா அவ கைக்கு வருது.

நம்ம ஊர்ல அப்படியே தலைகீழ். சட்டப்படி ஸ்திரீதனம் அவளோடது. 1985ல பிரதிபா ராணி வழக்குல அது மனைவிக்கே முழு உரிமையான சொத்துன்னு உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா வழக்கம் என்ன பண்ணுச்சு? புருஷன் இருக்கிற வரைக்கும் பொட்டும் பூவும் மஞ்சளும் மையும் அவளுக்கு. அவன் போன 16ஆம் நாள் எல்லாம் போச்சு. பெட்டி அவகிட்டதான் இருக்கும். திறக்கத்தான் கூடாது. நீதிமன்றம் பெட்டியைக் குடுக்கலாம், ஆனா தெருவுல நாலு பொம்பளைங்க பார்க்கிற பார்வையை எந்த நீதிமன்றம் மாத்தும்?

பெரியம்மாகிட்டயும் ஒரு பெட்டி இருந்தது. கோரமண்டல் மரம் இல்லை, பனை ஓலை. பழவேற்காட்டுல ஓலை முடையற வேலை ரொம்பப் பேரு பெத்தது. முக்கியமா இஸ்லாமியக் குடும்பத்துப் பொம்பளைங்க வீட்டுக்குள்ள இருந்தே செய்யறது. குருத்தோலையை வெட்டி வெயில்ல காயவச்சு, ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்துக்குக் கிழிச்சு, கொஞ்சத்தைச் சாயத்துல கொதிக்கவச்சு, வெள்ளையும் கலருமா மாத்தி மாத்திப் பின்னுவாங்க. ஓலை காஞ்சா ஒடியும்கிறதால பின்னும்போது ஈரம் காட்டிக்கிட்டே இருக்கணும். மூடி தனியாப் பின்னி, பெட்டி மேல அழுத்தினா ஒரு சின்ன "பொச்"னு சத்தத்தோட உக்காரும் பாருங்க, அதுதான் செப்பு! வள்ளுவர் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

உப்புக்காத்து அடிக்கிற ஊருக்கு இந்தப் பெட்டியோட அருமை தனி. இதுல ஆணி இல்லை, கீல் இல்லை, துருப்பிடிக்க எதுவுமே இல்லை. மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்காம இருக்க அப்பப்போ வெயில் காட்டணும், அவ்ளோதான் பராமரிப்பு. பெரியம்மா அவங்க கல்யாணத்துக்கு வந்த ஓலைப் பெட்டியிலதான் மை, சாந்து, குங்குமம், சீப்பு எல்லாம் வச்சிருந்தாங்க. பெரியப்பாவோட காரியம் முடிஞ்ச அன்னைக்கு அது பரண் மேல ஏறிச்சு.

இப்போ அந்தச் சுத்துற சமாச்சாரத்துக்கு வருவோம். சுழலும் தட்டோட வரலாறும் சுவாரசியம்தான். 1313ல சீனாவுல வாங் சென்னு ஒரு அதிகாரி தன்னோட வேளாண்மை நூல்ல அச்சு எழுத்து அடுக்க சுழலும் வட்ட மேசையைப் பத்தி எழுதியிருக்கார். அச்சுக் கோக்கிறவர் ரெண்டு மேசைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, எழுந்திருக்காமலே மேசையைத் திருப்பி எழுத்தை எடுப்பார். 1915ல பினாங்குல பிறந்த டாக்டர் வூ லியன் தே சாப்பாட்டு மேசைக்கு ஒரு சுழலும் தட்டு வடிவமைச்சார். 1910-11 மஞ்சூரியா பிளேக்கை அடக்கின அதே டாக்டர்தான். எல்லாரும் அவங்கவங்க குச்சியைப் பொதுப் பாத்திரத்துல விட்டு நோய் பரவக்கூடாதுன்னு யோசிச்சு, தட்டு சுத்தட்டும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி இருக்கட்டும்னார். 1917ல அமெரிக்காவுல ஒரு பத்திரிகை விளம்பரத்துல இதே தட்டு "லேசி சூசன்"ங்கிற பேருல எட்டரை டாலருக்கு வந்தது. சோம்பேறி சூசன்! வேலைக்காரப் பொண்ணைக் கிண்டல் பண்ற பேருன்னு சொல்றாங்க. அந்தப் புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

நம்ம அஞ்சறைப் பெட்டியையும் மறந்துடாதீங்க. இரும்புக்கடை எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி வட்டமா இருக்கிறதால, அம்மாக்கள் கடுகு கிண்ணம் தன் பக்கம் வர்ற மாதிரி ஒரு விரலால தள்ளித் திருப்புவாங்களே, கவனிச்சிருக்கீங்களா?

இதுல எல்லாம் பொதுவா ஒண்ணு இருக்கு. சுழலுறது ஆடம்பரத்துக்கு இல்லை. பொருளை நோக்கிக் கை போகாம, கையை நோக்கிப் பொருள் வரணும்கிறதுக்கு. இது உறைச்சப்போதான் தங்கச்சி ஏன் சுத்துறதாக் கேட்டான்னு புரிஞ்சுது. நாப்பது வருஷம் கூடை தூக்கின பெரியம்மாவுக்கு வலது தோள்பட்டை மேல ஏறாது. பலகையில பின்னாடி இருக்கிற மாத்திரையை எடுக்க முன்னாடி இருக்கிற எல்லாத்தையும் தட்டி விடுவாங்க. தங்கச்சி அதைப் பார்த்திருக்கா. பக்கத்துல இருக்கிற நான் பார்க்கலை.

அப்புறம் என்ன, வாங்கினேன். முதல் தடவை சொதப்பல். படத்துல பார்க்க ஜோரா இருந்த மூணு அடுக்கு அக்ரிலிக் ஸ்டாண்டு. கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க. பெரியம்மா பாயில உக்காந்து பார்க்கிற ஆளு, மேல் அடுக்கு எட்டலை. அக்ரிலிக்கும் கண்ணாடி மாதிரி, எண்ணெய் பாட்டிலும் கண்ணாடி மாதிரி, கண்ணு மங்கினவங்களுக்கு எது எதுன்னே தெரியலை. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு சுத்து சுத்தினான், தைலம் பாட்டில் பறந்து போய் விழுந்தது. மூணாம் நாள் அடியில மணல் பூந்து "கர்ர் கர்ர்"னு சத்தம். ஒரு வாரத்துல திருகு துரு.

அப்புறம் உக்காந்து நிதானமா யோசிச்சேன். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு வாங்குறதா இருந்தா உங்களுக்கும் உதவும்:

அடுக்கு வேணாம், ஒரே தட்டு போதும். உக்காந்த இடத்துல இருந்து முழங்கையைத் தூக்காம எட்டணும். அகலம் அதிகம், உயரம் கம்மி. சுத்தியும் ரெண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு இருக்கணும். அடிப்பாகம் கனமா, வழுக்காத ரப்பரோட இருக்கணும். சுழலுற பேரிங் மூடினதா, துருப்பிடிக்காததா இருக்கணும். விட்டா சரக்குனு சுத்தக்கூடாது, தள்ளினாத்தான் மெதுவா நகரணும். முக்கியமா, என்ன வைக்கப் போறாங்கன்னு எண்ணிட்டு வாங்கணும். 40 லிப்ஸ்டிக் குழி இருக்கிற ஸ்டாண்டுல மாத்திரை அட்டை நிக்காது.

ரெண்டாவது தடவை அப்படி ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போனேன். மரத்தட்டு, முக்கால் முழம் அகலம். பெரியம்மா பாயில உக்காந்து ஒரு விரலால தள்ளிப் பார்த்தாங்க. சுத்துச்சு. திரும்பவும் தள்ளினாங்க.

"நல்லாத்தான்டா கீது. ஆனா மூடி இல்லியேடா கண்ணு? காத்து அடிச்சா பவுடர்ல எல்லாம் மண்ணு பூந்துடும்."

அட! ஷனெல், கோரமண்டல், வாங் சென்னு உலகத்தையே சுத்திட்டு வந்தவனுக்கு செப்புக்கு மூடி முக்கியம்கிறது மறந்துபோச்சு பாருங்க.

"பரண் மேல ஒரு பொட்டி கீது, எடு"ன்னாங்க.

ஏறி எடுத்தேன். 11 வருஷத்துத் தூசி. சிவப்புச் சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது, பின்னல் ஒரு இடத்துலயும் விடலை. மூடியைத் திறந்தாங்க. காஞ்சுபோன சாந்து, ஒரு மை டப்பா, பல்லு முழுசா இருக்கிற ஒரு சீப்பு. சாந்தைத் தூக்கிப் போட்டாங்க. மை டப்பாவைத் திறந்து பார்த்துட்டு அதையும் போட்டாங்க. பெட்டியை முந்தானையால துடைச்சு, வாசல்ல வெயில்ல வச்சாங்க. எதிர் வீட்டு ஆயா எட்டிப் பார்த்துச்சு. "இன்னா, பொட்டி எல்லாம் வெளிய வந்துகீது?"ன்னு கேட்டுச்சு.

"எம் பொண்ணு சாமான் வாங்கி அனுப்பிக்கிறா, வைக்க வேணாமா?"ன்னு பெரியம்மா பட்டுனு சொல்லிட்டு உள்ள வந்துட்டாங்க.

இப்போ அந்த ஓலைப் பெட்டி சுத்துற தட்டு மேல இருக்கு. உள்ள பவுடரும் சீப்பும். பக்கத்துல தைலம், எண்ணெய், மாத்திரை. மறுநாள் நான் கிளம்பும்போது, "பொன்னேரி போனீனா ஒரு மை டப்பா வாங்கிக்கினு வா. கண்ணு எரியுது, குளுமையா இருக்கும்"னாங்க. கண்ணு எரிச்சலுக்குத்தான்னு நானும் நம்பிட்டேன். நீங்களும் நம்பிடுங்க.

டிஸ்கி 1: பழவேற்காடு போறவங்க கல்லறையையும் படகையும் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. ஓலைப் பெட்டி கிடைச்சா ஒண்ணு வாங்குங்க. மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்து வாங்குங்க.

டிஸ்கி 2: உங்க பாட்டி, ஆயா எதுல மை, சாந்து வச்சிருந்தாங்க? எந்த ஊர்ல அதுக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லுங்க. முதல்ல பரண்ல ஒருதடவை தேடிப் பார்த்துட்டு வாங்க.